பழைய ஃபெண்டர் சாம்ப் ஆம்ப்: அடையாளம் காண்பதும் சீர்செய்வதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கிட்டார் வாசிப்பவர்கள் டியூப் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) என்பார்கள், ரேடியோ மெக்கானிக்குகள் வால்வு செட் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். பழைய வால்வு ஆம்ப் ஒன்று கைக்கு வந்ததும் பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஊரில் உள்ள எல்லா ஆம்ப்களையும் பேசினால் எதுவும் உருப்படியாக வராது என்பதால் ஃபெண்டர் சாம்ப் என்ற ஒரே ஆம்பை எடுத்துக்கொண்டேன். இதில் சொல்லும் பெரும்பாலான விஷயங்கள் அதே காலத்து மற்ற ஆம்ப்களுக்கும் பொருந்தும்.

ஏன் சாம்ப்?

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் தொடங்கிய நிறுவனம், 1940-களின் கடைசியிலிருந்து 1980-களின் தொடக்கம் வரை இதை ஏதாவது ஒரு வடிவில் செய்துகொண்டே இருந்தது. கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கான விலை குறைந்த ஆம்ப். அதனால் நிறைய விற்றது, இன்றும் நிறைய மிஞ்சியிருக்கிறது.

உள்ளே மூன்றே வால்வுகள் (டியூப் என்கிற கண்ணாடிக் குழாய்கள்). 12ஏஎக்ஸ்7 கிட்டாரிலிருந்து வரும் சன்னமான சிக்னலைப் பெரிதாக்கும். 6வி6ஜிடி அதை ஸ்பீக்கரை ஆட்டும் அளவுக்குத் தூக்கிவிடும். 5ஒய்3ஜிடி ஏசி மின்சாரத்தை டிசி ஆக்கும். 8 அங்குல ஸ்பீக்கர், ஏறக்குறைய 5 வாட். இதைவிட எளிமையான கிட்டார் ஆம்ப் கிடைப்பது கடினம். ஒவ்வொரு உறுப்பும் என்ன வேலை செய்கிறது என்று ஒரே நாளில் புரிந்துகொள்ளலாம். இதன் இன்னொரு வடிவமான வைப்ரோ சாம்ப் என்றால் டிரெமலோவுக்காக (ஒலி அளவு அலைபோல ஏறி இறங்கும் விளைவு) கூடுதலாக ஒரு 12ஏஎக்ஸ்7 இருக்கும், அவ்வளவுதான்.

என்னிடம் இருப்பது எந்தக் காலத்து சாம்ப்?

முதலில் மேல்தோலைப் பாருங்கள். மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில், சாய்கோடு போட்ட பருத்தித் துணி ஒட்டியிருந்தால் அது ட்வீட் காலம். பெரிய ஆம்ப்கள் எல்லாம் 1960-ஐ ஒட்டிப் பழுப்பு ரெக்ஸினுக்கு மாறிவிட்டன, சாம்ப் மட்டும் 1964 வரை ட்வீடிலேயே இருந்தது. கறுப்பு ரெக்ஸின், முன்பக்கம் கறுப்புப் பலகை, வால்யூமோடு டிரெபிள், பேஸ் குமிழ்களும் இருந்தால் 1964 முதல் 1967 வரை. பலகை வெள்ளி நிறமாக, எழுத்துகள் நீலமாக இருந்தால் 1968-க்குப் பிறகு.

ஒரு எச்சரிக்கை. 1964-இல் கறுப்பு ரெக்ஸின் போர்த்தி, உள்ளே பழைய ட்வீட் சர்க்யூட்டையே வைத்தும் சில சாம்ப்கள் வெளிவந்தன. ட்வீட் கிழிந்துபோனதால் பிற்காலத்தில் யாராவது வேறு துணி ஒட்டியும் இருக்கலாம். அதனால் துணி சொல்வதை முதல் சாட்சியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, வருடத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பது எப்படி?

இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆம்ப் தன் பிறந்த நாளைப் பல இடங்களில் எழுதி வைத்திருக்கும், படிக்கத் தெரிந்தால் போதும்.

பெட்டிக்குள் எந்த வால்வு எங்கே என்று காட்டும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். 1967 வரையிலான ஆம்ப்களில் அந்தத் தாளில் மையால் இரண்டு ஆங்கில எழுத்துகள் குத்தியிருக்கும். முதல் எழுத்து வருடம்: ஏ என்றால் 1951, பி என்றால் 1952, அப்படியே எண்ணிக்கொண்டு போனால் என் என்பது 1964, க்யூ என்பது 1967. இரண்டாவது எழுத்து மாதம்: ஏ ஜனவரி, எல் டிசம்பர். ஆக 'என்கே' என்று இருந்தால் 1964 நவம்பர். சில தாள்களில் குத்தவே மறந்திருப்பார்கள், சிலவற்றில் மை மங்கியிருக்கும். டார்ச்சைத் தாளுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மங்கிய எழுத்தும் பல நேரம் தெரியும்.

அடுத்து உதிரிபாகங்கள். அமெரிக்க உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் ஒரே முறையில் எண்களைப் பொறித்தார்கள்: முதலில் நிறுவனத்தின் எண், பிறகு வருடம், பிறகு வாரம். டிரான்ஸ்ஃபார்மரில் 606 என்று தொடங்கினால் ஷூமாக்கர். வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். ஸ்பீக்கரில் 220 ஜென்சன், 465 ஆக்ஸ்ஃபோர்டு, 328 யூட்டா. ஆக '1376442' என்ற எண்ணை இப்படிப் படிக்க வேண்டும்: சிடிஎஸ் நிறுவனம், 1964-ஆம் ஆண்டு, 42-ஆவது வாரம்.

பழைய பாகங்களில் வருடத்துக்கு ஒரே ஒரு இலக்கம்தான் இருக்கும். '220812' என்றால் 1958-ஆ, 1968-ஆ? எண் அதைச் சொல்லாது, ட்வீடா வெள்ளிப் பலகையா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மாற்றப்படாத பாகங்களில் எது கடைசியாகச் செய்யப்பட்டதோ, அதற்கு முன்னால் ஆம்ப் பிறந்திருக்க முடியாது. கண்ட்ரோல்களை மொத்தமாக வாங்கி வைத்து மாதக்கணக்கில் பயன்படுத்தினார்கள் என்பதால் அவை ஆம்பைவிடக் கொஞ்சம் மூத்தவையாக இருப்பது சகஜம். டிரான்ஸ்ஃபார்மர்கள் 1965 என்று சொல்லி, ஸ்பீக்கர் மட்டும் 1972 என்று சொன்னால், ஸ்பீக்கர் இடையில் மாறியிருக்கிறது என்று அர்த்தம். சேசிஸில் (பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டம்) இருக்கும் வரிசை எண்ணை மட்டும் வைத்து வருடம் சொல்லாதீர்கள். சேசிஸ்கள் வரிசைப்படி எடுக்கப்படவில்லை.

5எஃப்1, ஏஏ764 என்பவை என்ன?

சர்க்யூட்டின் பெயர்கள். 5எஃப்1-இல் 5 என்பது ஐம்பதுகள், எஃப் என்பது திருத்தம், 1 என்பது சாம்ப். ஃபெண்டரின் மற்ற ஆம்ப்களான பிரின்ஸ்டனுக்கு 2, டீலக்ஸுக்கு 3, பேஸ்மேனுக்கு 6. ஏஏ764 என்றால் 1964 ஜூலையில் வரைந்த முதல் வடிவம். இது வரைபடத்தின் தேதி மட்டுமே. எழுபதுகளில் செய்த வெள்ளிப் பலகை சாம்பின் தாளிலும் ஏஏ764 என்று இருக்கும். இதைப் பார்த்து 1964-ஆம் வருட ஆம்ப் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய.

1965-க்குப் பிந்தைய ஆம்ப் மட்டமானது என்கிறார்களே?

1965 ஜனவரியில் அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. அதற்கு முந்தையவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் அதிக விலை கொடுக்கிறார்கள். முன்பலகையில் நிறுவனத்தின் பெயர் 'எலக்ட்ரிக் இன்ஸ்ட்ருமென்ட்' என்பதன் சுருக்கமாக இருந்தால் முந்தையது, 'மியூசிகல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்' என்று இருந்தால் பிந்தையது. பெரிய ஆம்ப்களில் சர்க்யூட் மாற்றங்கள் நடந்தது உண்மை. சாம்பில் அப்படிப் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. நல்ல நிலையில் உள்ள 1970-களின் சாம்ப் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

கிடைத்ததும் பிளக்கைச் சொருகிப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். 20 வருடம் பரணில் கிடந்த ஆம்ப் என்றால் இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளட்டும். பழைய எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகங்கள்) உள்ளே காய்ந்துபோயிருக்கும். முழு வோல்டேஜ் ஏறியதும் அவை ஷார்ட் ஆகி, 5ஒய்3-ஐயும் பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கொன்றுவிடும். சில நூறு ரூபாய்க் கண்டென்சருக்காக 60 வருடத்து டிரான்ஸ்ஃபார்மரை இழப்பது எனக்கு மனசு கேட்காத விஷயம்.

முதலில் கண்ணால் பாருங்கள். கருகிய ரெசிஸ்டர், வெடித்து வெள்ளையாகக் கசிந்த கண்டென்சர், எலி கடித்த வயர், உச்சியில் வெள்ளிப் பூச்சு பால்போல வெளுத்த வால்வு (காற்று புகுந்துவிட்டது, முடிந்தது). ஃபியூஸைக் கழற்றிப் பாருங்கள். 'சர்வீஸ் செய்தது' என்று சொல்லி விற்ற ஒரு சாம்பை நான் திறந்தபோது, ஃபியூஸின் மேல் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் சுற்றியிருந்தது. ஃபியூஸ் ஏன் போனது என்று தேடாமல் அதன் வாயை அடைத்திருந்தார்கள்.

பிறகு ஒரு பல்பு போர்டு செய்துகொள்ளுங்கள். 40 அல்லது 60 வாட் குண்டு பல்பை ஆம்புக்குப் போகும் ஃபேஸ் வயரில் தொடராக இணைக்க வேண்டும். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. எல்லா வால்வுகளையும் கழற்றிவிட்டு ஆன் செய்தால் பல்பு ஏறக்குறைய எரியாமல் இருக்க வேண்டும். பிரகாசமாக எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மரிலோ வயரிங்கிலோ ஷார்ட். அணைந்தே இருந்தால் 12ஏஎக்ஸ்7, 6வி6 சாக்கெட்டுகளில் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) வோல்டேஜ் 6.3-ஐ ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். கண்டென்சர்களை மாற்றிய பிறகு வால்வுகளைப் போட்டு மறுபடி பல்பு வழியாக ஆன் செய்யுங்கள். முதலில் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கி நிலைத்தால் நல்லது.

இன்னொன்று: ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்பில் சிக்னல் கொடுக்கவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி, உள்ளேயே பொறி பறந்து சுருள் போய்விடும்.

உள்ளே கை வைத்தால் ஷாக் அடிக்குமா?

அடிக்கும், உயிரும் போகலாம். 5எஃப்1-இன் வரைபடத்திலேயே உள்ளே வால்வுகளுக்குப் போகும் சப்ளை 340 வோல்ட் டிசி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கண்டென்சர்களில் நிற்கும். வால்வுகள் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போது அணைத்தால் சீக்கிரம் வடிந்துவிடும். 6வி6 செத்துப்போயிருந்தாலோ கழற்றியிருந்தாலோ வடிய வழியில்லை. அதாவது பழுதான ஆம்ப்தான் அதிக ஆபத்து.

பிளக்கைக் கழற்றிவிட்டு, 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரின் ஒரு முனையை இன்சுலேட் செய்த கிளிப்பால் சேசிஸில் மாட்டி, மறுமுனையை இன்சுலேட் செய்த முனையால் ஒவ்வொரு ஃபில்டர் கண்டென்சரின் (டிசியைச் சீராக்கும் எலக்ட்ரோலிடிக்) பாசிட்டிவிலும் சில விநாடி தொட்டு வைக்க வேண்டும். பிறகு மல்டிமீட்டரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஸ்குரூடிரைவரை வைத்து நேராக ஷார்ட் செய்வது தவறான பழக்கம். ஆம்ப் ஓடும்போது அளந்தால் மீட்டரின் கறுப்பு முனையை சேசிஸில் கிளிப் போட்டுவிட்டு, ஒரு கையால் மட்டும் அளக்கவும். மெயின்ஸ் (வீட்டு மின்சாரம்) வேலையே செய்து பழகாதவர் என்றால், அடையாளம் காணும் வேலையை மட்டும் நீங்கள் செய்துவிட்டு மற்றதை வால்வு செட் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். அதில் குறைச்சல் எதுவும் இல்லை.

இரண்டு பின் கயிறை (பவர் கார்டு) மாற்றினால் பழமை கெட்டுவிடுமா?

பழமையைவிட உங்கள் உயிர் பெரிது. அந்தக் காலத்து ஆம்ப்கள் பலவற்றில் எர்த் கிடையாது. இரைச்சலைக் குறைக்க ஒரு மெயின்ஸ் வயரிலிருந்து சேசிஸுக்கு 0.047 அல்லது 0.05 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றைப் போட்டிருப்பார்கள். அமெரிக்காவில் இதற்கு 'மரணக் கண்டென்சர்' என்றே பெயர். நல்ல நிலையில் இருக்கும்போதே 120 வோல்ட்டில் 2 மில்லியாம்பியர் விடும், கிட்டார் கம்பியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். அது ஷார்ட் ஆகிவிட்டால் முழு மெயின்ஸும் கம்பியில் நிற்கும். அப்போது எர்த் உள்ள மைக்கில் உதடு பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கண்டென்சரை வெட்டி எடுத்துவிட்டு மூன்று வயர் கயிறு போடுங்கள். ஃபேஸ் முதலில் ஃபியூஸுக்கு, பிறகு ஸ்விட்சுக்கு, பிறகு டிரான்ஸ்ஃபார்மருக்கு. நியூட்ரல் நேராக டிரான்ஸ்ஃபார்மரின் மறுமுனைக்கு. எர்த் வயருக்கு சேசிஸில் தனி போல்ட். எர்த் வயரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள், யாராவது கயிறை இழுத்தால் கடைசியாக அறுவது அதுவாக இருக்கட்டும்.

அமெரிக்க ஆம்பை நம் ஊர் 230 வோல்ட்டில் ஓட்டுவது எப்படி?

டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். ஏற்றுமதிக்காகச் செய்ததில் 220, 240 இணைப்புகள் இருக்கும். சாதாரண சாம்ப் என்றால் 117 வோல்ட் மட்டும்தான், வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஸ்டெப்-டவுன் பெட்டி தேவை. 100 வாட் தாராளம். சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான ஸ்டெப்-டவுன் பெட்டிகள் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள் (உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே சுருள்), பலவற்றில் எர்த் பின் உள்ளே எங்கும் போகாது. எர்த் கடந்து போகிறதா என்று மீட்டரில் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் மேலே செய்த எர்த் வேலை முழுவதும் வீண்.

அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அதே டிரான்ஸ்ஃபார்மர் இங்கே கொஞ்சம் அதிகமாகச் சூடாகும். அதனால் 120-ஐவிட 110 வோல்ட் தரும் பெட்டியைத் தேர்ந்தெடுப்பேன். அரை மணி நேரம் வாசித்த பிறகு டிரான்ஸ்ஃபார்மரில் கை வைக்க முடியாத அளவு சூடிருந்தால் காரணம் தேடுங்கள்.

எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள் அனைத்தையும். பொறுமையாக வோல்டேஜை ஏற்றிப் பழையவற்றுக்கு உயிர் கொடுக்கலாம் என்பவர்கள் உண்டு. 50, 60 வயதான கண்டென்சரை நம்பி டிரான்ஸ்ஃபார்மரைப் பணயம் வைக்க நான் தயாரில்லை. 5எஃப்1-இல் 16, 8, 8 மைக்ரோஃபாரட், 450 வோல்ட். இன்று கிடைப்பதில் 16 அல்லது 22, பிறகு 10, 10 போடலாம், 500 வோல்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. 'பெரிதாகப் போட்டால் இரைச்சல் குறையுமே' என்று முதல் இடத்தில் 100 போட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் 5ஒய்3 அடி வாங்கும். 6வி6-இன் கேத்தோடில் (வால்வுக்குள் இருக்கும் ஒரு முனை, 8-ஆம் பின்) உள்ள 25 மைக்ரோஃபாரட்டையும் மாற்றுங்கள். கறுப்பு, வெள்ளிப் பலகைக் காலத்தில் ஃபில்டர்கள் எல்லாம் ஒரே டப்பாவில் இருக்கும். டப்பாவை இடத்திலேயே விட்டு, இணைப்பை அறுத்து, புதியவற்றைச் சேசிஸுக்குள் வைத்தால் வெளித்தோற்றம் அப்படியே இருக்கும்.

இங்கேதான் பலரும் நிறுத்தத் தெரியாமல் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுகிறார்கள். மீதியை அளந்து பார்த்து, கெட்டதை மட்டும் மாற்றுங்கள்.

சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கண்டென்சர்கள்: ஐம்பதுகளில் மஞ்சள் ஆஸ்ட்ரான், அறுபதுகளில் நீல மல்லோரி. இவை டிசியைக் கசியவிட்டால் 6வி6 தாறுமாறாக ஓடும். புது ஃபில்டர்கள் போட்ட பிறகு, 6வி6-ஐக் கழற்றிவிட்டு ஆன் செய்து, அதன் சாக்கெட்டின் 5-ஆம் பின்னில் டிசி அளந்து பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பத்து இருபது மில்லிவோல்ட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அந்தக் கண்டென்சர் மட்டும் மாற வேண்டும். இந்தச் சோதனையில் சப்ளை வோல்டேஜ் வழக்கத்தைவிட ஏறும், அதனால் சட்டென்று அளந்துவிட்டு அணைத்துவிடுங்கள். என் அனுபவத்தில் ஆஸ்ட்ரான்கள் நிறையக் கசியும், நீல மல்லோரிகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். செராமிக் கண்டென்சர்களைத் தொட வேண்டியதே இல்லை.

கார்பன் ரெசிஸ்டர்கள் வயதாக ஆக மதிப்பு கூடும். 20 சதவீதத்துக்கு மேல் விலகியதை மாற்றுங்கள். 12ஏஎக்ஸ்7-இன் பிளேட்டில் (வால்வின் இன்னொரு முனை) உள்ள இரண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் மட்டும் மதிப்பு சரியாக இருந்தாலும் பொரிகிற சத்தம் கொடுக்கும். சத்தம் வந்தால் மாற்றலாம்.

பாகங்கள் பொருத்தியிருக்கும் கறுப்பு அட்டை போர்டு கெடுமா?

கெடும். இது மெழுகேற்றிய அட்டை. ஈரத்தை இழுத்துக்கொண்டால் அட்டையே மின்சாரம் கடத்தத் தொடங்கும், காரணம் பிடிபடாத கரகரப்பு வரும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள். ஆம்ப் ஓடும்போது எதுவும் இணைக்காத வெற்று இடத்தில் மீட்டர் முனையை வைத்து அட்டையில் டிசி இருக்கிறதா என்று பார்க்கலாம். அணைத்து, கண்டென்சர்களை வடித்த பிறகு, ஹேர் டிரையரால் மிதமான சூட்டில் பொறுமையாக உலர்த்தினால் பல நேரம் சரியாகும்.

வால்வுகளை எல்லாம் புதிதாக வாங்க வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆர்சிஏ, ஜிஇ, சில்வேனியா பெயர் பொறித்த பழைய வால்வுகள் 50 வருடம் கழித்தும் நன்றாகப் பாடும். மாட்டிக் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 12ஏஎக்ஸ்7-க்கு ஐரோப்பாவில் ஈசிசி83 என்று பெயர். பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஈசிசி83 செய்தது. பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்த்தவர்களிடம் இன்னும் பெட்டியோடு இருக்கலாம். சென்னை ரிச்சி தெருவில் பொறுமையாக விசாரியுங்கள். ஃபெண்டரில் நம் ஊர் வால்வு ஒன்று ஒளிர்வதைப் பார்ப்பது தனி சந்தோஷம். 6வி6 புதிதாக வேண்டுமென்றால் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யாவில் செய்யும் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் இரண்டும் உழைக்கும்.

சாக்கெட்டில் பொருந்துகிறது என்பதற்காக வேறு வால்வைப் போடாதீர்கள். 5ஒய்3-க்குப் பதில் ஜிஇசட்34 போட்டால் வோல்டேஜ் ஏறி 6வி6 வறுபடும். 5யு4 போட்டால் 2 ஆம்பியருக்கான ஹீட்டர் சுருளில் 3 ஆம்பியர் ஓடும். 6வி6-க்குப் பதில் 6எல்6 போட்டால் அதன் ஹீட்டரும் இரண்டு மடங்கு மின்சாரம் இழுக்கும்.

பயாஸ் (வால்வில் சும்மா ஓடும் மின்சாரத்தின் அளவு) சரிசெய்ய வேண்டுமா?

சாம்பில் திருகும் குமிழ் எதுவும் இல்லை, கேத்தோடு ரெசிஸ்டர் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் அளந்து பாருங்கள். 6வி6-இன் 8-ஆம் பின்னில், 470 ஓம் ரெசிஸ்டரின் மேல் 19 வோல்ட் இருந்தால் ஓடுவது 40 மில்லியாம்பியர். 3-ஆம் பின்னில் பிளேட் 330 என்றால், 330-இலிருந்து 19 போக 311. அதை 0.040-ஆல் பெருக்கினால் 12.4 வாட். ஸ்கிரீன் (வால்வின் மற்றொரு முனை) எடுத்துக்கொள்ளும் பங்கைக் கழித்தால் 12-க்குக் கீழே வரும். 6வி6ஜிடியின் பழைய வரம்பு 12 வாட், பின்னால் 14 என்றும் குறித்தார்கள். 14-ஐத் தாண்டினால் முதலில் மெயின்ஸ் வோல்டேஜைச் சந்தேகப்படுங்கள். இருட்டில் பார்க்கும்போது பிளேட் செக்கச்செவேலென்று சிவந்தால் உடனே அணையுங்கள்.

வால்யூமைத் திருப்பினால் கரகர என்கிறதே?

கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தடவை திருப்புங்கள். அப்படியும் போகவில்லையென்றால் கண்ட்ரோலுக்கு டிசி வரலாம், அதற்கு முன்னால் உள்ள கப்ளிங் கண்டென்சர் கசிகிறதா என்று பாருங்கள்.

உம்மென்று இரைகிறது.

நம் ஊரில் இரண்டு வகை இரைச்சல் உண்டு. கொஞ்சம் உயர்ந்த, ரம்பம்போன்ற 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் என்றால் ஃபில்டர் கண்டென்சர். தாழ்ந்த 50 ஹெர்ட்ஸ் என்றால் ஹீட்டர் வயரிங், கெட்ட எர்த் இணைப்பு, அல்லது வால்வு. அமெரிக்காவில் இவை 120, 60. தட்டினால் மணிபோல ஒலித்தால் வால்வுதான், பென்சிலால் ஒவ்வொன்றாக மெல்லத் தட்டிக் கண்டுபிடியுங்கள்.

ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறது. மாற்றலாமா?

சின்னக் கிழிசல் என்றால் டிஷ்யூ பேப்பரும், நீர் கலந்த வெள்ளைப் பசையும் போதும், இரண்டு பக்கமும் மெல்லிசாக. மல்டிமீட்டரில் 3 ஓம் சொச்சம் காட்டினால் பயப்படாதீர்கள், 4 ஓம் ஸ்பீக்கர் அப்படித்தான் காட்டும். சுருள் அறுந்திருந்தால் கூம்பு மாற்றித் தருபவரிடம் கொடுங்கள், எண் பொறித்த கூட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

துணியைக் கழுவலாமா?

கறுப்பு ரெக்ஸினை மிதமான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியாலும் பழைய டூத் பிரஷ்ஷாலும் துடைக்கலாம். ட்வீடை ஈரமாக்காதீர்கள், மேலுள்ள லாக்கர் (வார்னிஷ் போன்ற பூச்சு) உரிந்து துணி சுருங்கும். தூசி தட்டினால் போதும்.

என் ஆம்ப் ஃபெண்டர் இல்லை, பவர் டிரான்ஸ்ஃபார்மரே காணோமே?

அப்படியானால் மறுபடி சொருகாதீர்கள். ஐம்பது அறுபதுகளில் மலிவான அமெரிக்க ஆம்ப்கள் சில, ரேடியோவைப்போல டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேராக மெயின்ஸில் ஓடின. 50சி5, 50எல்6, 35டபிள்யூ4 என்று வால்வு எண்கள் பெரிதாகத் தொடங்கினால் அந்த வகைதான். ஹீட்டர்கள் எல்லாம் ஒரே தொடரில் இருக்கும், மெயின்ஸின் ஒரு வயர் சேசிஸோடு உறவு வைத்திருக்கும். இதற்கு மெயின்ஸிலிருந்து ஆம்பைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். நம் ஊரில் கிடைக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் ஸ்டெப்-டவுன் அந்தப் பாதுகாப்பைத் தராது, 230 வோல்ட்டின் ஃபேஸையே கிட்டார் கம்பிக்குக் கொண்டுவந்துவிடலாம்.

பாகங்களை மாற்றினால் விலை குறையாதா?

கயிறும் எலக்ட்ரோலிடிக்கும் மாறியதற்காக விவரம் தெரிந்தவர் யாரும் விலை குறைக்க மாட்டார்கள், வால்வைப்போல அவையும் தேய்மானப் பொருள்கள்தான். டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர், போர்டு, பெட்டி: இவற்றை மாற்றினால் குறையும். முன்பலகையில் புதிதாக ஓட்டை போட்டால் ரொம்பவே குறையும்.

கழற்றிய எதையும் குப்பையில் போடாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து மாற்ற நேர்ந்தாலும் பழையதை வைத்திருங்கள். ஒரு ஜிப் கவரில் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று ஒரு சீட்டில் எழுதி, பெட்டிக்குள் சூடு படாத கீழ் மூலையில் ஒட்டிவிடுங்கள். அந்தச் சீட்டிலேயே வேலை செய்த தேதி, புதுக் கண்டென்சர்களின் மதிப்பு, நீங்கள் அளந்த பிளேட், கேத்தோடு வோல்டேஜ்கள் ஆகியவற்றையும் பென்சிலால் எழுதுங்கள், மை மங்கும். பல வருடம் கழித்து இதே ஆம்பைத் திறக்கும் இன்னொருவர் முதலில் தேடப்போவது அந்தச் சீட்டைத்தான்.